அவசரம் இல்லை

ஓசூரில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிறியதாக ஒரு வானொலி நடத்துகிறார்கள். ஊர் எல்லையைத் தாண்டினால் கேட்காது. ரேடியோ வேலைக்குப் போக ஆசைப்படுகிற பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் இப்போதிருந்தே என்ன செய்ய வேண்டும் என்று ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என அவர்களுடைய ஆசிரியை கேட்டார். முப்பது வருடம் அறிவிப்பாளனாக இருந்தவன் என்பதால் என்னிடம் வந்தார். எழுதிக் கொடுத்தேன். நின்றபடியே படித்துவிட்டு, "எல்லாம் அனுபவத்துல வந்ததுன்னு படிக்கும்போதே தெரியுதுங்க சார்" என்றார்.

அனுபவத்தில் வந்ததுதான். ஆனால் அந்த அனுபவம் என்னுடையதல்ல. அந்தக் கட்டுரையின் ஒவ்வொரு வரியும் என் அக்காவுடையது. அவள் ஒருநாள்கூட ரேடியோவில் பேசியதில்லை. பேசாமல் போனதற்கு நான் காரணம். பள்ளி மலரில் அதை எழுத முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பதினாலு வயது, அக்காவுக்குப் பதினெட்டு. தொழிற்பேட்டையில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம். அப்பாவின் ஆட்கள் நாகரசம்பட்டியில் தலைமுறை தலைமுறையாக மாந்தோப்பில் கூலி வேலை செய்தவர்கள். அவர்தான் முதன்முதலாக மாதச் சம்பளத்துக்கு வந்தவர். இயந்திர உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் டைம் கீப்பர். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள் என்று பார்த்துக் குறிக்கிற வேலை. வீட்டிலும் அவருக்கு எல்லாம் மணிக்கணக்குதான். குழம்பு கொதித்ததா என்று கேட்க மாட்டார், எத்தனை மணிக்குக் கொதித்தது என்று கேட்பார்.

ஒரு புளி மண்டியின் பின்கட்டில் குடியிருந்தோம். மண்டிக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்களிடம் தமிழ் பேசுவார். புளி தட்டுகிற பெண்களில் பாதிப்பேர் கன்னடம் பேசுவார்கள். அம்மா மூன்று மொழியிலும் பேசுவாள், எதையும் முழுதாகப் பேச மாட்டாள்.

நாங்கள் குடிவந்த புதிதில் மண்டிக்கார மாமா அப்பாவைப் பார்க்க வந்திருந்தார். "காப்பி போடட்டுங்களா?" என்றாள் அம்மா. "அவசரம் இல்லம்மா" என்றார் அவர். அவசரம் இல்லையென்றால் நிதானமாகவே போடலாமே என்று அம்மா கொட்டையை வறுத்து, அரைத்து, முக்கால் மணி நேரம் கழித்து டம்ளரோடு வந்தாள். அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டே முடித்திருந்தார். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. வேண்டாம் என்பதைத்தான் அவர் தமிழில் அப்படிச் சொல்லியிருக்கிறார். ஒரே சொல்லுக்கு மண்டியின் முன்கட்டில் ஒரு பொருள், பின்கட்டில் வேறு பொருள். எங்கள் வீட்டில் இது நெடுநாள் சிரிப்பாக இருந்தது. எனக்கு இது நன்றாகத் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, எங்கள் பள்ளியிலிருந்து எட்டுப் பேரை வானொலி நிலையத்துக்குச் சிறுவர் நிகழ்ச்சிக்காகக் கூட்டிப்போனார்கள். ஒரு முழுப் பகல் பஸ் பயணம். வந்தவர்களில் மூன்று பேர் பெண்பிள்ளைகள் என்பதால் துணைக்கு அக்காவும் வந்தாள். நான் நான்கு வரி பேசினேன். அப்போது என் குரல் வெண்கல மணி மாதிரி இருக்கும். அந்த நான்கு வரியை மண்டியே வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டது. மறுநாளிலிருந்து எனக்கு 'ரேடியோ' என்றே பெயர். "ஏய் ரேடியோ, அந்தச் சாக்கை எடு" என்பார்கள். பெரியவனானதும் ரேடியோவில் சேருவேன் என்பதில் அப்பாவுக்குக்கூடச் சந்தேகம் இருக்கவில்லை.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற அக்கா என்ன பார்த்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"அந்த அறிவிப்பாளரம்மா பேப்பரைத் திருப்புச்சு பாத்தியா? சத்தமே வரலடா."

நான் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணாடியில்.

அடுத்த வாரமே அக்கா ஆரம்பித்துவிட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, புத்தகம் எதுவும் கிடையாது, குரலைப் பதிவு செய்து கேட்க இயந்திரமும் கிடையாது. முதலில் பேப்பரைத் திருப்பப் பழகினாள். பழைய செய்தித்தாளைத் துண்டு துண்டாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேல் தாளின் ஓரத்தை நகத்தால் தூக்கிப் பக்கத்தில் வழியவிட வேண்டும். அதற்கே ஒரு மாதம் ஆனது. பிறகு தினமும் காலையில் மண்டிக்கு வரும் செய்தித்தாளை வாங்கி, வாசிப்பதற்கு முன் பென்சிலால் மூச்சு எடுக்க வேண்டிய இடங்களில் சாய்கோடு போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கேட்டு வாங்கி, ஒரு நிமிடத்துக்கு எத்தனை வரி என்று பார்ப்பாள். தன் குரல் எப்படியிருக்கிறது என்று கேட்கப் புளி போடும் காலிப் பானை ஒன்றுக்குள் தலையை விட்டுப் பேசுவாள். முதல் நாள் உள்ளே போன வேகத்தில் தும்மலோடு வெளியே வந்தாள். அம்மா, "பானையோட பேசறதுக்கு என்னோட பேசக் கூடாதா?" என்றாள்.

எங்கள் பக்கத்துப் பேச்சில் மழை மளெயாகவும் கிழமை கெளமெயாகவும் இருக்கும். அக்கா அந்த 'ழ'வைப் பிடிக்கப் பட்ட பாடு கொஞ்சமில்லை. வாழை, உழவு, கிழக்கு என்று பாத்திரம் தேய்க்கும்போதும் சொல்வாள். புளி தட்டும் பெண்களிடம் போய் அவரவர் ஊரின் பெயரை அவரவர் வாயால் சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொள்வாள். "அந்த ஊர்க்காரங்க கேட்டா மொகம் சுளிக்கக் கூடாது" என்பாள். தொண்டைக்கு ஆகாது என்று புளியை விட்டாள். புளி மண்டியில் குடியிருந்துகொண்டு புளி சாப்பிடாத பெண்ணை மண்டிக்கார மாமா அதிசயமாகப் பார்ப்பார். அவளை அவர் அம்மாயி என்பார், தெலுங்கில் பெண்பிள்ளை என்று பொருள்.

இதிலெல்லாம் எனக்கும் ஒரு வேலை இருந்தது. பின்கட்டில் இரண்டு அறை. நடுவில் தடித்த பலகைக் கதவு. அக்கா ஒரு பக்கம் வாசிப்பாள், நான் மறுபக்கம் சிலேட்டோடு உட்கார்ந்திருப்பேன்.

"என் மொகம் உனக்குத் தெரியக் கூடாது. கையாட்டறேனா, சிரிக்கறேனா, எதுவும் தெரியக் கூடாது. ரேடியோ கேக்கறவங்களுக்குக் கொரல் மட்டுந்தானே தெரியும்? அதுல என்ன வருதுன்னு சொல்லு."

தாள் சத்தம் கேட்டால் சிலேட்டில் ஒரு சுழி. சொல் விழுங்கப்பட்டால் ஒரு புள்ளி. மூச்சு தப்பான இடத்தில் வந்தால் நெட்டாக ஒரு கோடு. வாசித்து முடித்ததும் கதவைத் திறந்து சிலேட்டைப் பார்ப்பாள். பார்த்து மனதில் வாங்கிக்கொண்டு உடனே ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். நேற்றுப் போட்ட கோடு இன்றைக்கு இருக்கக் கூடாது என்பது அவள் கண்டிப்பு.

முதல் சில மாதம் சிலேட்டு நிறைந்துபோகும். பிறகு குறைந்தது. ஒருநாள் நான் சாக்குக்கட்டியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன், அவள் வாசித்து முடித்துக் கதவைத் திறந்தபோது சிலேட்டு வெறுமையாக இருந்தது. "தூங்கிட்டியா?" என்றாள். தூங்கவில்லை. சந்தை விலை நிலவரத்தை வாசித்தாள், வெங்காயம் என்ன விலை, உருளைக்கிழங்கு என்ன விலை என்று. அதில் அழுவதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் என் கண் நிறைந்திருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது எனக்குத் தலை வாரிவிட்ட அக்கா இல்லை என்று தோன்றியது. அந்தக் குரலுக்கு வயதில்லை, ஊரில்லை. எங்கோ தூரத்தில் இருந்துகொண்டு எனக்கு மட்டும் சொல்வதுபோல் இருந்தது. பிறகு பெரிய நிலையங்களில் பெரிய குரல்களோடு வேலை செய்திருக்கிறேன். அந்தப் பலகைக் கதவு வழியாக வந்ததை மறுபடி நான் கேட்கவில்லை.

மாசியில் புளி தட்டுகிற வேலை மும்முரமாக நடக்கும். முன்கட்டில் முப்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டுவார்கள். அந்தச் சத்தத்தில் பேசினால் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. அக்கா அவர்களை வைத்தும் ஒரு சோதனை வைத்தாள். நடைச் சன்னலுக்குப் பின்னால் நின்று வாசிப்பாள். தட்டும் சத்தம் குறைந்தால் வெற்றி. தமிழே சரியாகத் தெரியாத பெண்கள் நிறுத்தினால் பெரிய வெற்றி.

செய்தித்தாளில் எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர் எதுவும் வருவதில்லை. அதனால் ஒருநாள் அவளே ஒரு செய்தி எழுதிக்கொண்டாள். "ஜவளகிரிக் காட்டை ஒட்டிய களங்களில் இன்று அதிகாலை யானைக் கூட்டம் ஒன்று இறங்கியது. அடுக்கி வைத்திருந்த கேழ்வரகுப் போர்கள் சேதமடைந்தன."

இரண்டாவது வாக்கியம் முடிவதற்குள் முப்பது கட்டைகளும் நின்றுவிட்டன. அப்படியொரு அமைதியை அந்த மண்டியில் அதற்குமுன் நான் கேட்டதில்லை. வரிசையின் கடைசியில் ஜவளகிரிக்காரம்மா ஒருத்தி இருந்தாள். "ஆனெ பந்திதெயந்தெ!" என்று கத்திக்கொண்டு எழுந்தாள். யானை வந்துவிட்டதாம் என்று மடியிலிருந்த புளியெல்லாம் கொட்ட, செருப்பைத் தேடினாள். அவளுடைய ஒரு வருடத்துக் கேழ்வரகு களத்தில் இருந்தது. அக்கா சன்னலை விட்டு ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லக்கா, இல்ல! அது நானா எழுதினது. ரேடியோவுல சொல்லல. நான்தான் சொன்னேன்."

அந்தம்மா நம்பவில்லை. அக்கா எழுதிய தாளைக் காட்டினாள். படிக்கத் தெரியாத அந்தம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு தமிழில், "உன் வாயில வந்தா ஆனெ நெஜமா வரும் கண்ணு. பாத்துப் பேசு" என்றாள்.

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் என்னிடம் கேட்டாள்.

"அந்த யானைச் செய்திய வாசிச்சப்போ உனக்கு ஏதாச்சும் வித்தியாசமா கேட்டுச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"இல்லடா. 'யானை'க்கும் 'கூட்டம்'கறதுக்கும் நடுவுல மூச்சு எடுத்தேன். அங்க எடுக்க வேண்டியதே இல்ல. பொய் சொல்லும்போது மூச்சு தன்னால எடம் மாறுது. அத ஒளிக்க முடியல. இனிமே இல்லாததை வாசிக்க மாட்டேன்."

எனக்கு அது விளங்கவில்லை. முப்பது கட்டை நின்றதே, அதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

அந்தப் பங்குனியில்தான் எனக்கு மகரக்கட்டு வந்தது. வகுப்பில் செய்யுள் ஒப்பிக்க எழுந்தேன். முதல் அடி சின்னப் பையன் குரலில் வந்தது, இரண்டாவது அடி யாரோ பெரிய ஆள் குரலில், மூன்றாவது அடி வரவே இல்லை. வகுப்பே சிரித்தது. மண்டியில் சாக்குத் தூக்குகிறவர், "ரேடியோவுல பேட்டரி போயிடுச்சுப்பா" என்றார். எல்லோருக்கும் வருவதுதான், ஒரு வருடத்தில் சரியாகிவிடும் என்று அப்பாவும் சொன்னார், அக்காவும் சொன்னாள். நான் நம்பவில்லை. என்னிடமிருந்த ஒரே பெருமை அதுதான். அது போய்விட்டது, திரும்பாது என்று முடிவு செய்துகொண்டேன்.

சித்திரையில் வானொலி நிலையத்திலிருந்து அக்காவுக்குக் கடிதம் வந்தது. இளைஞர் நிகழ்ச்சியை நடத்த ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டு அவள் விண்ணப்பம் போட்டிருந்தாள். குரல் தேர்வுக்கான இடங்கள் நிரம்பிவிட்டன, காத்திருப்போர் பட்டியலில் அவள் பெயர் இருக்கிறது, யாராவது வராமல் போனால் தொலைபேசியில் கூப்பிடுவோம் என்று எழுதியிருந்தது. விண்ணப்பத்தில் அவள் மண்டியின் நம்பரைக் கொடுத்திருந்தாள்.

அப்பா கடிதத்தை இரண்டு தடவை படித்தார். அவருக்கு வேறொரு யோசனை இருந்தது. நாகரசம்பட்டியில் சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார். ஆனாலும் அவர் டைம் கீப்பர். கெடு வைத்துத்தான் பேசுவார்.

"ஆடி பொறக்கறதுக்குள்ள கூப்பிட்டாங்கன்னா நானே கூட்டிட்டுப் போறேன். எடுத்துக்கிட்டாங்கன்னா கல்யாணப் பேச்ச தள்ளி வெக்கறேன். கூப்பிடலன்னா ஆவணியில தேதி சொல்லிடுவேன். சரிதானே?"

"சரிங்கப்பா" என்றாள் அக்கா. சன்னமாகத்தான் சொன்னாள், ஆனால் அது அறையின் எல்லா மூலைக்கும் போனது. அவளுக்கு அப்போதெல்லாம் அப்படித்தான் வரும்.

வைகாசி போயிற்று. ஆனியும் கடைசி வாரத்துக்கு வந்தது. அக்கா வாசிப்பதை ஒருநாளும் நிறுத்தவில்லை. நான் சிலேட்டோடு உட்காருவதை நிறுத்திவிட்டேன். பள்ளியில் பாடம் அதிகம் என்றேன்.

ஒரு புதன்கிழமை பள்ளி விட்டு வந்தேன். மண்டி வாசலில் லாரி நின்றது. மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. மாமா கணக்குப் பலகையோடு நின்றவர் என்னைப் பார்த்துக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"ஒரேய் ரேடியோ! உங்கக்காவுக்குப் போன் வந்திச்சு. ரேடியோ ஆபீஸ்லருந்து. எவரோ வரலியாம். வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கு அங்க இருக்க முடியுமான்னு கேட்டாங்க. அஞ்சு மணிக்கி மறுபடி போன் வரும். நான் லாரிய விட்டு நகர முடியாது. நீ போயி அம்மாயிகிட்ட கேட்டுட்டு வந்து சொல்லு. சீக்கிரம் போ."

மண்டியிலிருந்து எங்கள் கதவுக்கு முப்பது அடிதான். பாதியில் குழாயடி இருந்தது. அங்கே நின்றேன். தண்ணீர் குடிக்க நின்றதாக அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே அக்கா வாசித்துக்கொண்டிருந்தாள். அணைகளின் நீர்மட்டம். எத்தனை அடி இருப்பு, எவ்வளவு வரத்து. ஒரு கோடு போட இடமில்லாத வாசிப்பு. நான் அதில் ஒரு வரியை என் வாயால் சொல்லிப் பார்த்தேன். 'அணையின்' வரை வந்தது. அதற்குமேல் குரல் பிளந்து, கோழி மாதிரி ஒரு சத்தம்.

அந்த இடத்தில்தான் செய்தேன். யோசிக்காமல் செய்துவிட்டேன் என்று இத்தனை வருடத்தில் பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது உண்மையில்லை. யோசித்தேன். என்ன சொன்னால் மாமா வேண்டாம் என்று எடுத்துக்கொள்வார், பிறகு விசாரணை வந்தால் நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை என்று எப்படிச் சொல்லலாம், இரண்டையும் யோசித்தேன். இரண்டுக்கும் ஒரே சொல் போதுமாக இருந்தது. அம்மாவின் காப்பி அந்தச் சொல்லை எனக்கு எடுத்துக் கொடுத்தது.

திரும்பிப் போய்ச் சொன்னேன். "அவசரம் இல்ல மாமா."

அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். "அவசரம் லேதா?"

தலையை ஆட்டினேன். தலையாட்டலில் குரல் இல்லை.

"அட்லனா, அப்படியா!" என்றார். எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "என்னமா படிச்சிச்சு அந்தப் பொண்ணு. அப்பா கல்யாணம்னு முடிவு பண்ணிட்டார் போல." லாரிக்காரன் கூப்பிட்டான். திரும்பிக்கொண்டார். ஐந்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. நான் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். "வரலீங்க, வேற ஆளப் பாத்துக்குங்க" என்று மாமா உரக்கச் சொன்னது கேட்டது. உள்ளே அக்கா இன்னும் வாசித்துக்கொண்டிருந்தாள்.

ஆடி பிறந்தது. அப்பா நாகரசம்பட்டிக்குத் தேதி சொல்லி அனுப்பினார். அக்கா சாய்கோடு போடும் பென்சிலை என் பெட்டியில் வைத்தாள்.

நான்கு நாள் கழித்து மாமா தாம்பூலத் தட்டோடு வந்தார். "நல்ல காரியம்! போன் வந்தப்ப ரேடியோ வேலை அவசரம் இல்லன்னு அம்மாயி சொன்னப்பவே நெனச்சேன்" என்றார்.

"எவ சொன்னா?" என்றாள் அம்மா.

மாமா என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தயாராக வைத்திருந்ததைச் சொன்னேன். அக்கா தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள், அதனால் ஒன்றும் அவசரம் இல்லை, அப்புறம் கேட்டுச் சொல்லலாம் என்றுதான் சொன்னேன், பிறகு விளையாட்டில் மறந்துவிட்டேன். மாமா ஒரு நொடி விழித்தார். பிறகு நெற்றியில் படாரென்று அடித்துக்கொண்டார். "அய்யோ, தமிழ் அவசரமா! நான் எங்க அவசரம்னு எடுத்துக்கிட்டேனே!"

அவர் அப்போதே மண்டிக்கு ஓடி நிலையத்துக்கு டிரங்க் கால் போட்டார். ஒன்றரை மணி நேரம் காத்திருந்து பேசினார். தேர்வு முடிந்து ஆள் எடுத்தாகிவிட்டது என்றார்கள். திரும்பி வந்து அம்மாவிடம் இரண்டு கையையும் கூப்பினார். அம்மாதான் அவரைத் தேற்றினாள். "காப்பியில ஆரம்பிச்சதுங்க இது" என்றாள். மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்கும். எனக்கு இரண்டு அறை விழும் என்று எதிர்பார்த்தேன். அப்பா, "மறதிக்காரப் பயல்" என்று மட்டும் சொன்னார். அன்றே அது வீட்டுக் கதையாகிவிட்டது. பிறகு எத்தனையோ கல்யாணப் பந்திகளில் அந்த அவசரக் கதையைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் அக்கா என்னைக் கூப்பிட்டாள். சிலேட்டைக் கையில் வைத்திருந்தாள்.

"கதவுக்கு அந்தப் பக்கம் போய் உக்காரு."

போனேன். கதவைச் சாத்தினாள்.

"மாமாகிட்ட அன்னிக்கு என்ன சொன்ன? அதே மாதிரி சொல்லு. ஒண்ணும் கூட்டாத, ஒண்ணும் கொறைக்காத."

"அவசரம் இல்ல மாமா."

"இன்னொரு தடவ."

"அவசரம் இல்ல மாமா."

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. வாசிப்பில் எங்கே நிறுத்த வேண்டும், எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தவள் அவள். இது அந்தக் கணக்கில் எதிலும் சேராத நேரம். பிறகு குரல் வந்தது. கோபமில்லை, அழுகையில்லை. சந்தை நிலவரத்தை வாசித்த அதே குரல்.

"சரி. போய் வெளையாடு."

ஆவணியில் கல்யாணம் நடந்தது. நாகரசம்பட்டியில் அவளுக்கு மாடு, தோப்பு, இரண்டு பிள்ளைகள். வெளியூரிலிருந்து கடிதம் வந்தால் ஊர்ப் பெண்கள் அவளிடம் கொண்டுவருவார்கள். அவள் படித்தால் மகனே வந்து எதிரில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கிறது என்பார்களாம். அவளுடைய குரலுக்குக் கிடைத்த நேயர்கள் அவ்வளவுதான்.

என் குரல் அப்பா சொன்னதுபோல் ஒரு வருடத்தில் சரியாகிவிட்டது. சரியானது மட்டுமில்லை, நல்ல குரலாகவே வந்தது. கல்லூரி முடித்ததும் குரல் தேர்வுக்குப் போனேன். தாளைச் சத்தமில்லாமல் நகத்தால் தூக்கி வழியவிட்டேன். மூச்சுக்குச் சாய்கோடு போட்டேன். ஊர்ப் பெயர்களை அந்தந்த ஊர்க்காரன் சொல்வதுபோல் சொன்னேன். "யார்கிட்டப்பா பழகுன?" என்று கேட்டார்கள். "நானாகவே" என்றேன்.

முதல் நாள் ஒலிபரப்பு முடிந்து ஐந்தாம் நாள் அக்காவின் அஞ்சலட்டை வந்தது. "கேட்டேன். 'விழா' என்பதில் ழ நழுவிவிட்டது. மற்றபடி மூச்சு எல்லாம் சரியான இடத்தில் இருக்கிறது." முப்பது வருடமும் அப்படி அட்டை வந்தது. ஒன்றிலும் அந்தப் புதன்கிழமையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

வேலையில் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, நான் எடுத்த ஒரு பேட்டியை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒருவர் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லும் இடம். "எனக்கு" என்று சொல்லி, மூச்சு எடுத்து, "தெரியாது" என்றார். எடுக்க வேண்டிய இடமே இல்லை அது. நாடாவைத் திருப்பித் திருப்பிக் கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டபோது அது அவர் குரலாக இல்லை. கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, 'அவசரம்' என்று சொல்லி, மூச்சு எடுத்து, 'இல்ல மாமா' என்ற என் குரலாக இருந்தது.

அப்போதே நாகரசம்பட்டிக்குப் போயிருக்கலாம். அடுத்த பொங்கலுக்குப் போகலாம் என்று வைத்தேன், பிறகு அதற்கடுத்த பொங்கல். நான் இருந்த இருப்பில் எனக்கு அவசரம் இருக்கவில்லை. போன மாசியில் அக்கா இறந்துவிட்டாள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அன்று சாயங்காலம் அவள் "சரி" என்றதும் தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். கதவு என் முகத்தை மறைத்துவிட்டது, முகம் தெரியாவிட்டால் ஒன்றும் தெரியாது என்பது என் எண்ணம். தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆட நின்றிருந்தார்கள். ரன் எழுதிவைக்க ஏதாவது கொண்டு வா என்றார்கள். சிலேட்டை எடுக்க உள்ளே ஓடினேன். அக்கா அதை ஆணியில் மாட்டிவிட்டு அடுப்படிக்குப் போயிருந்தாள். அதில் நெட்டாக இரண்டு கோடு இருந்தது. பழைய கோடு என்று நினைத்துக்கொண்டேன். எச்சிலைத் தொட்டு அழித்துவிட்டு, ரன் எழுத எடுத்துக்கொண்டு ஓடினேன்.